ஒரு மணித்தியால நயினாதீவு

“குறிகட்டுவானைப் பிடிச்சு ஒரு மணித்தியாலம் நயினாதீவாக்கி வைச்சிருந்தவன் இந்தக் கடலிலை நான் ஒருத்தன்தான்” என்று சொல்லிவிட்டுக் கதிர்காமு தேத்தண்ணியை உறிஞ்சினார்.

யாழ்ப்பாணத் தீவகத்துக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு முன்னால் பிலோமினம்மாவின் கடை. இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டின் ஒரு காலைப் பொழுது. படகுக்குக் காத்திருந்த சனம் வாங்கில்களில் இருந்து சிரித்தது. கதிர்காமு சிரிக்கவில்லை.

“நாப்பத்தொரு படிச்ச ஆக்களை இந்தத் துறையிலை ஏத்தினனான். கடலிலை ஒரு சுத்துச் சுத்தி, ஏத்தின இடத்திலேயே கொண்டந்து இறக்கினனான். அவை இதை நயினாதீவெண்டு நம்பி, நாடா வெட்டி, பேச்சுப் பேசி, எனக்கொரு பதக்கமும் குத்திவிட்டவை.”

“பொய்” என்றார் மூலைக் கதிரையில் இருந்த பஸ்ரியாம்பிள்ளை மாஸ்ரர். ஊர்காவற்றுறையில் முப்பத்திரண்டு வருசம் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பிழையான விடைக்குக் குறுக்குக் கோடு போடுகிற மாதிரியே அந்தச் சொல்லைச் சொல்லுவார். “அந்த நாப்பத்தொரு பேரிலை நானும் ஒருத்தன். நயினாதீவிலைதான் இறங்கினனான். அறிக்கை எழுதிக் கையெழுத்தும் வைச்சனான்.”

“வைச்சனீங்கள்தான், மாஸ்ரர். ஆர் இல்லையெண்டது?”

மூன்று வருசமாக இந்தக் கதை இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். அன்றைக்கு மட்டும் அதைத் தாண்டிப் போனது. ஆனால் அதற்கு முதல், நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்லவேண்டும்.

கதிர்காமு குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் முப்பது வருசமாகப் படகு ஓட்டுபவர். அந்தப் படகுகளைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சனம் இருப்பது மேலே அல்ல, பலகைத் தட்டுக்குக் கீழே, படகின் வயிற்றுக்குள். சின்னச் சின்ன யன்னல்களால்தான் கடலைக் காணலாம். மேலே சுக்கானோடு நிற்பவர் கதிர்காமு. அவருக்கு ஒரு வழக்கம். துறையில் கட்டின கயிறு அவிழ்ந்தால் பேச்சு இல்லை. அடுத்த கரையில் கயிறு கட்டுமட்டும் வாய் திறக்கமாட்டார், மற்றவர்களும் திறக்கக்கூடாது. தண்ணியின் நிறத்தைப் பார்த்து, இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு ஓட்டுகிற மனிதனுக்கு வேறு சத்தம் ஆகாது. புருசன் பெண்சாதி சண்டையைக்கூடச் சனம் கயிறு அவிழ முதல் நிப்பாட்டி, மற்றக் கரையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். கரையில் நிற்பவர்களும் அப்படித்தான். கயிறு விழாத படகோடு ஒருத்தரும் கதைக்கமாட்டார்கள்.

பிறகு, இரண்டாயிரத்திரண்டில், சமாதானம் என்று பெயர் சொல்லிக்கொண்ட காலம் வந்தது. தெற்கிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வருகிற பாதை திறந்தது. பாதையால் முதல் வந்தது கைத்தொலைபேசி. கனடாவில் இருக்கிற தம்பியும் சுவிசில் இருக்கிற மச்சாளும் எந்த நேரத்திலும் சட்டைப்பைக்குள் இருந்து கூப்பிட்டார்கள். கரையில் சிக்னல் எடுபட்டது துறையின் நுனியில் மட்டும், அதற்கு அப்பால் கடலில் இன்னும் நல்லாய் எடுபடும். ஒரே வருசத்தில் பதினேழு பேர் கதைத்தபடியே துறை நுனியைத் தாண்டிக் கடலுக்குள் நடந்தார்கள். அதில் பதினாறு பேர் தண்ணிக்குள் நின்றும் கதையை முடித்துப்போட்டுத்தான் கரையேறினார்கள். பதினேழாவது ஆள் மட்டும் சிக்னல் நல்லாயிருக்குதென்று கொஞ்சநேரம் அங்கேயே நின்றார்.

இதைக் கேள்விப்பட்டு இரண்டாவதாக வந்ததுதான் தீவகக் கவனவிருத்தி நிறுவனம்.

வெளிநாட்டு உதவி, வெள்ளை வான், மூன்று மொழியில் பெயர்ப்பலகை. பணிப்பாளர் கமலாதேவி அம்மையார். அவவின் கையில் இரண்டு தொலைபேசி, கைப்பையில் ஒன்று. தொலைபேசியால் சனத்தின் கவனம் சிதறுகிறது என்று ஒன்பது மாதம் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். பரிகாரத்தை ஒரே பின்னேரத்தில் முடிவெடுத்தார்கள். கவனமாக வேலை செய்யவேண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைபேசி கொடுப்பது. அதில் ஏழு நிமிசத்துக்கொருக்கால் கூப்பிட்டு, கவனமாக இருக்கிறாரோ என்று கேட்பது.

படகோட்டிகளுக்கு வேலணையில் மூன்று நாள் பயிற்சி. இந்தப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவருக்குச் சுக்கான் பிடிக்க அனுமதி புதுப்பிக்கப்படாது என்று கடிதம் வந்தபடியால் கதிர்காமுவும் போனார். சுவரில் வெளிச்சத்தால் ஒரு கறுப்புப் புள்ளி விழுத்தி, அதையே பார்க்கச் சொன்னார்கள். பதினொரு மணிக்கு ஜெனறேற்றர் நின்றது. புள்ளி போய்விட்டது.

“அது இருந்த இடத்தைப் பாருங்கோ” என்றார் பயிற்றுநர், தன் தொலைபேசியைப் பார்த்தபடி.

பின்னேரம் நாலு மணிவரைக்கும் இருபத்தாறு படகோட்டிகள் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஆறு பேருக்குப் புள்ளி திரும்பத் தெரிந்தது. அவர்களுக்குச் சான்றிதழில் ‘விசேட சித்தி’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் பொருட்கள் வந்தன. ஒரு செம்மஞ்சள் அங்கி, முதுகில் ‘கவனம்’ என்று எழுதினது. அதைக் கண்ட நாளிலிருந்து சனம் படகில் ஏறப் பயந்தது. ஒரு தொலைபேசி. பதினான்கு நிரலுள்ள கவனப் பதிவேடு. கவனம் சிதறிய நேரம், சிதறிய திசை, அந்த நேரம் மனதில் நின்ற பொருள், மேலதிகாரியின் அபிப்பிராயம் என்று அதில் வரிசையாக இருந்தது.

“அம்மா, இதை எழுதவெண்டால் நான் சுக்கானை விடவெல்லோ வேணும்?” என்று கதிர்காமு கேட்டார்.

“விடுங்கோ” என்றா கமலாதேவி அம்மையார். “விட்ட நேரத்தை ஏழாம் நிரலிலை எழுதுங்கோ. அதுக்குத்தானே ஏழாம் நிரல்.”

இன்னொரு விதியும் இருந்தது. தலைமையகத்தைத் தவிர வேறெந்த இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தாலும் அது கவனச்சிதறல். உடனே துண்டிக்கவேண்டும். ஒருக்கால் எடுத்தால் எச்சரிக்கை. இரண்டாந்தரம் எடுத்தால் அனுமதி இரத்து. கதிர்காமுவுக்கு எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது.

தலைமையகத்திலிருந்து கூப்பிடுவது நிலக்சனா என்ற பிள்ளை. அவள் கேட்பதற்கு ஒரு வசனமும் இவர் சொல்வதற்கு ஒரு வசனமும் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

“கவனமாய் இருக்கிறீர்களா?”

“கவனமாய் இருக்கிறேன்.”

இந்த இரண்டு வசனத்தையும் சொல்லி முடிக்கிற நேரத்துக்குள் அவர் இரண்டு தரம் மணல்திட்டியில் படகை உரசினார். அதற்கு முதல் முப்பது வருசத்தில் ஒரு உரசலும் இல்லை. இரண்டையும் ஒன்பதாம் நிரலில் எழுதினார். பாராட்டுக் கடிதம் வந்தது. ஒன்பதாம் நிரலை ஒழுங்காக நிரப்பியவர் தீவகத்திலேயே அவர்தானாம்.

இரண்டாயிரத்தைந்து ஆவணியில் ஒருநாள் நிறுவனத்தின் நயினாதீவுக் கிளை திறப்பு. பணிப்பாளரோடு நாற்பத்தொரு பேர். அதில் சுயாதீன மதிப்பீட்டாளராக நியமனம் பெற்றவர் பஸ்ரியாம்பிள்ளை மாஸ்ரர். எல்லாரும் பிலோமினம்மாவின் கடையில் தேத்தண்ணி குடித்தார்கள். நிகழ்ச்சிநிரலின்படி பிரயாணத்தில் ‘ஆழ்கவன அமர்வு, நாற்பது நிமிடம்’ என்று இருந்தது.

“அக்கரைக்கு இருபது நிமிசந்தான், அம்மா” என்றார் கதிர்காமு.

“அப்ப மெதுவா ஓட்டுங்கோ. அச்சடிச்ச நிகழ்ச்சிநிரலைக் கடலுக்காக மாத்த ஏலாது.”

யன்னலெல்லாம் தறப்பாளால் மூடப்பட்டது, கடல் தெரிந்தால் கவனம் சிதறுமென்று. மாஸ்ரர் எழும்பிப் படகுக்குப் போகையில் பிலோமினம்மா பின்னாலிருந்து கூப்பிட்டா. “மாஸ்ரர், உங்கடை குடை! ஆணியிலை கிடக்கு!”

மாஸ்ரர் திரும்பாமலே கையை ஆட்டினார். கவன நேரம் ஆரம்பித்துவிட்டதாம்.

ஏறமுதல் பணிப்பாளரின் வரவேற்புரை. அந்த நேரம் கதிர்காமுவின் தொலைபேசி அடித்தது. நயினாதீவில் அவர் வீட்டுக்குக் கிட்ட, காசு கொடுத்துக் கதைக்கிற கொமினிகேசன் கடையின் இலக்கம். மனிசி அம்பிகையாக இருக்கவேண்டும். மகள் லோஜனா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டில் நிற்கிறாள், தவணைக்கு இன்னும் மூன்று கிழமை கிடக்கு. மருமகன் கட்டாரில். அரிசி வாங்கிவரச் சொல்லப்போகிறாளாக்கும் என்று நினைத்தார். பணிப்பாளரின் கண் அவர் கையில் நின்றது. துண்டித்தார்.

ஏழெட்டு நிமிசத்தில் திரும்ப அடித்தது. அப்போது நன்றியுரை நடந்தது. ஏன் போக முதலே நன்றியுரை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அரிசிக்கு ஆரும் இரண்டு தரம் கூப்பிடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அனுமதி போனால் படகு போய்விடும், படகு போனால் அந்த வீட்டில் அடுப்புக்கு வேலையில்லை. திரும்பவும் துண்டித்தார். மூன்றாந்தரம் அடித்தபோது கயிறு அவிழ்ந்திருந்தது. அதையும் துண்டித்தார்.

நாற்பது பேர் கீழே கண்ணை மூடியிருந்தார்கள். பணிப்பாளர் மட்டும் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் ஆருக்கோ ஆங்கிலத்தில், இங்கே பூரண அமைதி நிலவுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தா.

தொலைபேசி நாலாந்தரம் அடித்தது. தலைமையகம்.

“கவனமாய் இருக்கிறீர்களா?” என்றாள் நிலக்சனா. அவர் பதில் சொல்லமுதல் குரலைத் தணித்தாள். “அண்ணை, வைச்சிடாதேங்கோ. உங்கடை மனிசி உங்களைப் பிடிக்க ஏலாமல் இஞ்சை ஒப்பீசுக்கு எடுத்தவ. மகளுக்கு வலி வந்திட்டுதாம். தண்ணி உடைஞ்சிட்டுதாம். பிள்ளை குறுக்கை கிடக்காம், உடனை அக்கரைக்கு எடுக்கவேணுமெண்டு மருத்துவிச்சி சொல்லுறாவாம். நான் அவையைத் துறைக்குக் கொண்டரச் சொல்லிப்போட்டன். சரிதானே அண்ணை?”

கதிர்காமுவின் வாயில் அச்சடித்த வசனந்தான் வந்தது. “கவனமாய் இருக்கிறேன்” என்றார். பிறகுதான் அழுகை வந்தது.

சுக்கானைக் காலால் அணைத்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். “அம்மா! என்ரை மகளுக்கு...”

பணிப்பாளர் ஒரு விரலை உயர்த்தினா. தொலைபேசியை எடுக்காமலே மற்றக் கையால் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினா. இடையூறு விண்ணப்பம். இடையூறு நிகழ்வதற்கு இரண்டு வேலைநாட்களுக்கு முதல் மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்கவேண்டும் என்று மேலே எழுதியிருந்தது.

கதிர்காமு அதை வாங்கிக் கடலில் விட்டார். தொலைபேசியை மடிக்குள் வைத்தார். முடுக்கி விட்ட இயந்திரம் முப்பது வருசத்தில் பாடாத பாட்டெல்லாம் பாடியது. இருபது நிமிசக் கடலை அன்றைக்கு அவர் பதினொரு நிமிசத்தில் தாண்டினார். மீன்களே ஒதுங்கி வழிவிட்டதாக அவர் சொல்லுவார். அதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

நயினாதீவுத் துறையில் அம்பிகை நின்றாள். இரண்டு பேர் ஒரு கதிரையில் லோஜனாவைத் தூக்கி வைத்திருந்தார்கள். கதிர்காமு கயிறு எறியவில்லை. இயந்திரத்தை நிப்பாட்டவும் இல்லை. பிள்ளைக் கன்னத்தைத் தொடுகிற மாதிரிப் படகைத் துறையோடு அணைத்துப் பிடித்தார், அவ்வளவுதான். கயிறு விழவில்லை, ஆகவே ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. துறையில் ஐம்பது சனம் நின்றது. ஒரு சொல் இல்லை. கதிரையோடு லோஜனாவை மேல்தட்டில் ஏற்றினார்கள், அம்பிகை ஏறினாள், படகு திரும்பியது. கீழே இருந்த ஒருத்தருக்கும் ஒரு குலுக்கம்கூடத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் லோஜனாவால் அடக்க ஏலவில்லை. கையைக் கடித்துப் பார்த்தாள். ஒரு தரம், அந்த வழக்கத்தையும் தாண்டி, “ஐயோ அப்பா!” என்று கத்திவிட்டாள். பலகைத் தட்டின் மேலே கத்தினது கீழே இருக்கிறவர்களின் உச்சந்தலையில் விழுந்திருக்கும்.

கீழேயிருந்து பணிப்பாளரின் குரல் கேட்டது. “வெளிச்சத்தம் வரும். அதைப் பொருட்படுத்தாதேங்கோ. ஒரு ஆள் கத்தினாலும் அசையாமல் இருக்கிற மனந்தான் பண்பட்ட மனம்.”

ஒருத்தரும் அசையவில்லை.

குறிகட்டுவானில் நிறுவனத்தின் வெள்ளை வான் கதவைத் திறந்து வைத்தபடி நின்றது. “யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு, தலைமையகக் கட்டளை” என்று நிலக்சனா சாரதிக்குச் சொல்லியிருந்தாள். தலைமையகம் என்ற சொல்லுக்கு அந்த வான் எங்கேயும் போகும். பிலோமினம்மா தன் சேலையொன்றைச் சீற்றில் விரித்தா. தாயும் மகளும் ஏறினார்கள். கதிர்காமு ஒரு கால் வானுக்குள் வைத்தார். அதற்குள் கீழே அமர்வு முடிகிற மணி அடித்தது. இவர் இல்லாமல் நாற்பத்தொரு பேரும் வெளியே வந்தால் அனுமதியும் போகும், வானையும் திருப்பி மறித்துவிடுவார்கள். காலை எடுத்தார். வான் போனது.

நாற்பத்தொரு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். வந்த உடனே எல்லாரும் தொலைபேசியைப் பார்த்தார்கள். பணிப்பாளர் மட்டும் நாலு பக்கமும் பார்த்தா.

“நயினாதீவெண்டால் அம்மன் கோயிலெல்லோ, கோயில் எங்கை?”

“அங்காலை, அம்மா” என்று கடலுக்கு அப்பால் தெரிந்த கோபுரத்தைக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை.

“நல்ல தூரத்திலை கட்டியிருக்கினம். சனத்துக்கு இரைச்சல் இல்லாமல்” என்று அவ பாராட்டினா.

பயணிகள் தங்குகிற கொட்டிலுக்குக் குறுக்கே நாடா கட்டினார்கள். ‘கவன மண்டபம், நயினாதீவுக் கிளை’ என்ற பலகையை ஆணி அடித்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற சனம், கடைக்காரர், கருவாட்டுக் கடகத்தோடு நின்ற பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பஸ்ரியாம்பிள்ளை மாஸ்ரர் வெய்யிலில் குடை பிடித்துக்கொண்டு மதிப்பீட்டுப் படிவம் நிரப்பினார். பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தா.

“அன்பான நயினாதீவு மக்களே! இந்த மண்ணில் காலடி வைத்த கணத்திலேயே ஒரு வித்தியாசத்தை உணர்ந்தேன். சற்றுமுன் குறிகட்டுவானில் நின்றோம். என்ன இரைச்சல்! என்ன சிதறல்! அங்கே ஒரு முகத்திலும் கவனம் இல்லை. இங்கே பாருங்கள், ஒவ்வொரு முகமும் எங்களையே பார்க்கிறது. நானும் எங்கள் உத்தியோகத்தர்களும் நீண்டகாலப் பயிற்சியால், எங்கே இருக்கிறோம் என்பதைக்கூட மறந்து செயலில் ஒன்றிவிடும் நிலையை அடைந்திருக்கிறோம். உங்களையும் அந்த நிலைக்குக் கொண்டுவராமல் ஓயமாட்டோம்!”

குறிகட்டுவான் சனம் கைதட்டியது. தங்களைத் திட்டியதற்கோ புகழ்ந்ததற்கோ என்று அதுக்கே தெரியவில்லை.

பிறகு கதிர்காமுவுக்குப் பதக்கம். பிரயாணம் அச்சொட்டாக நாற்பது நிமிடம் என்பதற்காக. அவ குத்துகையில் அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெருவில் வான் போன புழுதி அடங்கிவிட்டது. இந்த நேரம் வேலணையைத் தாண்டியிருக்கும். தாண்டியிருக்குமோ? மூன்று தரம் துண்டித்தார். ஒன்றுக்கு ஏழு நிமிசம். மூவேழு இருபத்தொன்று. அந்தக் கணக்கை அவர் அன்றைக்குத் தொடங்கினவர், இன்னும் முடிக்கவில்லை.

“ஏன் அழுகிறீங்கள்?” என்று பணிப்பாளர் கேட்டா. “உணர்ச்சிவசப்படுகிறார்” என்று தானே சபைக்குச் சொன்னா. திரும்பவும் கைதட்டு.

ஒரு மணித்தியாலத்தில் எல்லாரையும் திரும்ப ஏற்றி, தறப்பாள் போட்டு, துறைக்கு முன்னாலேயே செக்குமாடு சுற்றுகிற மாதிரி நாற்பது நிமிசம் சுற்றினார். ஆறாவது சுற்றில் தொலைபேசி அடித்தது.

“கவனமாய் இருக்கிறீர்களா?” பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “அண்ணை, பொம்பிளைப்பிள்ளை. கொஞ்சம் பிந்தினபடியால் பிள்ளைக்கு மூச்சு எடுக்கக் கஸ்ரப்பட்டதாம். இப்ப அழுகுதாம். லோஜனாக்காவும் சுகம்.”

“கவனமாய் இருக்கிறேன்” என்றார் கதிர்காமு. இன்னொருக்கால் சொன்னார். கேட்காமலே மூன்றாந்தரமும் சொன்னார்.

திரும்ப இறக்கியபோது பணிப்பாளர் காதைப் பொத்தினா. “பார்த்தீங்களோ, குறிகட்டுவானுக்கு வந்த உடனை இந்த இரைச்சல்!”

அந்த மாதமே நிலக்சனாவை வேலையால் நிப்பாட்டினார்கள். அச்சடித்த வசனத்துக்கு வெளியே கதைத்தாளாம். கடிதத்தில் காரணம் ‘கவனச்சிதறல்’ என்று இருந்தது. அடுத்த வருசம் சண்டை திரும்ப வந்தது, பாதை பூட்டியது. வெள்ளை வான் வந்த வழியே போனது. பதக்கம் மட்டும் கதிர்காமுவிடம் மிஞ்சியது.

“இவ்வளவுதான் கதை” என்று கதிர்காமு தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்தார். “பிள்ளைக்கு வாற கிழமை மூண்டு வயசு. இப்பவும் ஓடினால் மூச்சு இழுக்குது. இருபத்தொரு நிமிசம்.”

இந்த முறை சனம் சிரிக்கவில்லை. மாஸ்ரர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

“பொய். நாப்பத்தொரு படிச்ச மனிசருக்கு ஊர் தெரியாமல் போகுமோ? நான் நயினாதீவிலைதான் நிண்டனான்.”

பிலோமினம்மா கோப்பை கழுவிய கையைச் சேலையில் துடைத்தா. மூன்று வருசமாக அவ இந்தக் கதைக்குள் வாய் வைத்ததில்லை.

“மாஸ்ரர், ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. அண்டைக்கு நயினாதீவிலை நல்ல வெய்யில், என்ன?”

“நெருப்பு வெய்யில்.”

“அந்த வெய்யிலுக்கு நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிண்ட குடையை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?”

மாஸ்ரர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். ஆணி அதே இடத்தில் இருந்தது. அவருடைய மூங்கில்பிடிக் குடை இன்றைக்கும் அதில்தான் தொங்கியது. ஒரு கணக்கைத் தொடக்கத்திலிருந்து திரும்பச் செய்து பார்க்கிறவர் மாதிரி அவர் உதடு அசைந்தது.

“உந்த ஆணியிலையிருந்துதான்” என்றார். “குடையிலை கை வைச்ச உடனை எனக்கு விளங்கிட்டுது, கதிர்காமு. எல்லாம் விளங்கிட்டுது. ஆனால் அறிக்கையிலை ஊரின்ரை பேர் ஏற்கெனவே அச்சடிச்சிருந்தது.”

துறையில் கயிறு அவிழ்க்க ஆள் கூப்பிட்டது.

“அந்தப் பிள்ளை கத்தினதும் கேட்டது. என்ரை தலைக்கு நேரை மேலை. நான் கண்ணைத் திறக்கேல்லை.” மாஸ்ரர் குடையை எடுத்தார், விரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். “ஓம். நடந்தது.”